வரைபடத்தில் ஏறாத தெருக்கள்: நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது யார்?

புது தில்லி: கிராமங்களையும் அவற்றுக்குச் செல்லும் சாலைகளையும் மத்திய அரசின் மூன்று துறைகள் தனித்தனியே வரைபடமாக்கி வைத்துள்ளன. அறிவியல், தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் இந்திய நில அளவைத் துறை ஒன்றை வைத்திருக்கிறது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்துக்காக ஊரக வளர்ச்சி அமைச்சகம் மற்றொன்றைத் தயாரித்துள்ளது. கிராமக் குடியிருப்பு நிலங்களுக்குச் சொத்து அட்டை வழங்கும் ஸ்வாமித்வா திட்டத்துக்காக, ஆளில்லா சிறு விமானங்கள் மூலம் எடுக்கப்பட்ட படங்கள் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளன.

நான்காவதாக ஒரு வரைபடமும் உண்டு. அதை எந்த அரசும் வரையவில்லை. 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்" அது. விக்கிபீடியாவைப் போல, விருப்பமுள்ள எவரும் தம் ஊர்த் தெருவைச் சேர்க்கலாம், பிறர் போட்ட தவறைத் திருத்தலாம். உரிமக் கட்டணம் கிடையாது. தொண்டு நிறுவனங்களும் ஆய்வாளர்களும் பேரிடர் மீட்புக் குழுவினரும் மட்டுமன்றி, அமேசான், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், மெட்டா போன்ற பெருநிறுவனங்களும் இன்று அதைப் பயன்படுத்துகின்றன. அந்த நிறுவனங்களின் ஊழியர்களே அதில் சாலைகளைச் சேர்த்தும் வருகின்றனர்.

இந்த வரைபடம் எந்த அளவுக்கு நிறைவானது, நூறு தெருக்கள் உள்ள இடத்தில் எத்தனை தெருக்கள் அதில் ஏறியுள்ளன என்பது முதல் பார்வைக்குத் தொழில்நுட்பக் கேள்வியாகவே தோன்றும். ஆனால், அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிராமம் எவ்வளவு தொலைவு, பள்ளிக்கூடம் இல்லாத குடியிருப்புகள் எவை என்று கணக்கிடும் ஆய்வுகள் பலவும் இந்த வரைபடத்தின் சாலைகளை வைத்தே கணக்கிடுகின்றன. வரைபடத்தில் சாலை விடுபட்டால், அந்த ஊர் உண்மையில் இருப்பதைவிட எட்டாத தொலைவில் இருப்பதாகக் கணக்கு காட்டும். குடியிருப்பே விடுபட்டுவிட்டால் குறைகூட வெளியே தெரியாது. இல்லாத ஊருக்கு மருத்துவமனை இல்லை என்று எந்தக் கணக்கும் சொல்லப்போவதில்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் தேங்கிய தெருக்களை மக்களே இந்த வரைபடத்தின் மீது குறித்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் அவ்வாறு குறிக்கப்பட்டன. அந்தத் தெருக்கள் ஏற்கெனவே வரைபடத்தில் கோடாக இருந்ததால்தான் அவற்றைத் தொட்டுக் குறிக்க முடிந்தது.

இங்கிலாந்தில் தொடங்கிய கணக்கு

நிறைவை முதன்முதலில் முறையாக அளந்தவர்களுள் ஒருவர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த முகி ஹக்லே. இங்கிலாந்தை ஒரு கிலோ மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் தன்னார்வலர்கள் வரைந்த சாலைகளின் மொத்த நீளத்தை அந்நாட்டு அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடத்தோடு அவர் ஒப்பிட்டார். 2008-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்யப்பட்ட அந்த ஆய்வு 2010-இல் வெளியானது. தொடங்கி நான்கே ஆண்டுகளில் இங்கிலாந்தின் சுமார் 29 சதவீதப் பரப்பில் தன்னார்வலர்களின் வரைபடம் அரசு வரைபடத்துக்கு ஈடாகியிருந்தது. தெருப்பெயர் உள்ளிட்ட விவரங்களும் இருக்க வேண்டும் என்று பார்த்தால் இந்தப் பங்கு குறைந்தது.

அந்த ஆய்வில் அரசியல் நோக்கர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏழைகள் மிகுந்து வாழும் பகுதிகளில் வரைபடம் பின்தங்கியிருந்தது. யாருக்கும் எதிரான திட்டம் அதில் இல்லை. கணினியும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள் தாங்கள் வசிக்கும், தாங்கள் நடமாடும் தெருக்களை முதலில் வரைந்தார்கள். அவ்வளவே. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அரசு வரைபடமும் சிறு விவரங்களைச் சுருக்கி வரையப்பட்ட ஒன்றுதான். எனவே, அதற்கு ஈடாகிவிட்டது என்பதாலேயே எல்லாத் தெருவும் ஏறிவிட்டதாகப் பொருளாகாது.

ஜெர்மனியில் 2011-ஆம் ஆண்டு நிலவரத்தை ஆராய்ந்தவர்கள் இன்னும் விசித்திரமான விடையைக் கண்டனர். மொத்தச் சாலை நீளத்தில், வணிக நிறுவனமான டாம்டாமின் வரைபடத்தைவிடத் தன்னார்வலர்களின் வரைபடம் 27 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால், கார் ஓட்டிச் செல்வதற்கான சாலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 9 சதவீதம் குறைவு. நடைபாதை, காட்டுப்பாதை, வயல் வழி ஆகியவற்றை ஆர்வத்துடன் வரைந்தவர்கள் சிற்றூர்த் தெருக்களில் சிலவற்றை விட்டிருந்தனர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வரைபடம். "நிறைவுக்கு மேல்" என்றும் சொல்லலாம், "நிறையவில்லை" என்றும் சொல்லலாம்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான அரசு வரைபடம் இல்லாத நாடுகளில் என்ன செய்வது? இதற்கு இரு வழிகள் பின்பற்றப்படுகின்றன. ஆங்காங்கே சில இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் சாலைகள் வரைபடத்தில் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிபார்ப்பது ஒரு வழி. வரைபடத்தின் வளர்ச்சி வேகத்தைப் பார்ப்பது இன்னொரு வழி. புதிய சாலைகள் சேரும் வேகம் முதலில் ஏறி, பிறகு தணிந்து, ஒரு நிலையில் நின்றுவிட்டால், சேர்க்க வேண்டியது அநேகமாக முடிந்துவிட்டது என்று கொள்வர். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் இவ்விரு வழிகளையும் கையாண்டு, உலகச் சாலைகளில் சுமார் 83 சதவீதம் இந்த வரைபடத்தில் ஏறிவிட்டதாக 2017-இல் அறிவித்தனர். நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் சாலை வலைப்பின்னல் முழுமையாக ஏறிவிட்டது என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். மிக நெருக்கமான நகரங்களிலும் மக்கள் மிகக் குறைந்த பகுதிகளிலும் நிறைவு அதிகம்; இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடங்கள்தான் பின்தங்குகின்றன என்பதும் அந்த ஆய்வின் முடிவு. இந்தியக் கிராமங்களில் பெரும்பாலானவை இருப்பது அந்த நடுவில்தான்.

வளர்ச்சி வேகத்தைப் பார்க்கும் வழியில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு வட்டாரத்தை ஒரே ஓர் ஆர்வலர் வரைந்துகொண்டிருந்து, வேலை மாறியோ சலித்தோ விட்டுவிட்டால், அங்கும் வேகம் நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது முடிந்த வேலைபோலத் தெரியும். பெருநிறுவனம் ஒன்று கணினி மூலம் ஒரே மாதத்தில் ஆயிரக்கணக்கான சாலைகளைச் சேர்த்தால் நேர்மாறான குழப்பம் ஏற்படும்.

சாலைகளின் நிலை இதுவென்றால், கட்டடங்களின் நிலை மோசம். உலகின் 13,189 நகரப் பகுதிகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, 1,848 நகரங்களில் மட்டுமே கட்டடங்கள் 80 சதவீதத்துக்கு மேல் வரையப்பட்டுள்ளன. 9,163 நகரங்களில் அது 20 சதவீதத்துக்கும் குறைவு. உலக நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வாழ்வது இந்த இரண்டாவது வகை நகரங்களில்.

பூட்டி வைக்கப்பட்ட அளவுகோல்

இங்கிலாந்தில் செய்ததை இந்தியாவில் ஏன் செய்ய முடியவில்லை என்ற கேள்விக்கான விடை தொழில்நுட்பத்தில் இல்லை. தில்லியின் கொள்கையில் இருக்கிறது. 1767-இல் தொடங்கப்பட்ட நில அளவைத் துறையின் விரிவான வரைபடங்கள் நெடுங்காலம் பாதுகாப்புக் காரணத்தால் பொதுமக்கள் பார்வைக்கு எட்டாமல் இருந்தன. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைதான் ராணுவத்துக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என இரு வரிசைகளை ஏற்படுத்தியது. பொதுமக்கள் வரிசை வரைபடங்களை இணையத்திலிருந்து இலவசமாக எடுக்கும் வசதி 2017-இல்தான் வந்தது. அதற்கும் ஆதார் எண் கேட்கப்பட்டது. தன் ஊரின் வரைபடத்தைப் பார்க்க, தான் யார் என்று குடிமகன் முதலில் நிரூபிக்க வேண்டியிருந்தது.

அந்த வரைபடத்தின் அளவு ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. அதாவது, தரையில் 500 மீட்டர், தாளில் ஒரு சென்டி மீட்டர். நூறு மீட்டர் நீளமுள்ள கிராமத் தெரு அதில் இரண்டு மில்லி மீட்டர். நான்கு மீட்டர் அகலம் பென்சில் கோட்டைவிட மெல்லியது. ஊருக்குச் செல்லும் சாலை உண்டா என்று அதை வைத்துப் பார்க்கலாம். ஊருக்குள் இருக்கும் தெருக்களை அதை வைத்து எண்ண முடியாது.

மக்களே வரைவதையும் அரசு எளிதில் ஏற்கவில்லை. கூகுள் நிறுவனம் 2013-இல் இந்தியாவில் நடத்திய வரைபடப் போட்டி குறித்து நில அளவைத் துறை தில்லி காவல் துறையிடம் புகார் அளித்தது. 2014-இல் மத்திய புலனாய்வுத் துறை முதற்கட்ட விசாரணையும் தொடங்கியது. உள்துறை அமைச்சகம் 2016 மே மாதம் வெளியிட்ட புவியிடத் தகவல் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு, அனுமதியின்றி வரைபடத் தகவல் சேகரிப்பதையே குற்றமாக்கியது. 7 ஆண்டு வரை சிறை, 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது, மசோதா சட்டமாகவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் அரசின் போக்கு தலைகீழானது. 2021 பிப்ரவரி 15-இல் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், வரைபடம் தயாரிக்க முன் அனுமதியே தேவையில்லை என்று அறிவித்தன. 2022 டிசம்பரில் தேசிய புவியிடக் கொள்கை வந்தது. நாட்டின் வெளிநாட்டு எல்லையைத் தவறாகக் காட்டினால் ஆறு மாதம் வரை சிறை என்ற 1961-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் தனியே நிற்கிறது.

அளவுகோல் பிரச்னையில் பெரிய திருப்பம் 2022 பிப்ரவரியில் நிகழ்ந்தது. கிராமச் சாலைத் திட்டத்துக்காகச் சேகரித்த வரைபடத் தரவுகளை ஊரக வளர்ச்சி அமைச்சகம் பொதுவெளியில் வைத்தது. 25 லட்சம் கிலோ மீட்டருக்கு மேற்பட்ட கிராமச் சாலைகள், 10 லட்சத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகள், 8 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளி, மருத்துவமனை, சந்தை போன்ற வசதிகள் அதில் அடக்கம். தன்னார்வலர்களின் வரைபடத்தைக் கிராம அளவில் ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவில் ஓர் அளவுகோல் கிடைத்தது அப்போதுதான். ஆயினும், 10 லட்சம் என்ற எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள வருவாய்க் கிராமங்கள் சுமார் 6.4 லட்சம். கிராமத்தை எண்ணினால் வரும் விடையும் குடியிருப்பை எண்ணினால் வரும் விடையும் ஒன்றாக இராது என்பதை இந்த வித்தியாசமே காட்டுகிறது.

எல்லையோர மண்டலம்

இந்த அளவுகோலை ஓர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால், தமிழக எல்லையை ஒட்டியுள்ள விஜயபுரம் மண்டலத்தைப் போன்ற கடினமான சோதனைக்களம் கிடைப்பது அரிது. நகரி சட்டப்பேரவைத் தொகுதியில் அடங்கிய இந்த மண்டலத்துக்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே சென்றது. ம.பொ.சி. தலைமையிலான வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் பரிந்துரையை ஏற்று இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம் என்று எண்ணித்தான் அன்று கோடு கிழிக்கப்பட்டது. கோடு கிழித்தவர்களுக்கு நிலப்பரப்பைவிடத் தலைகளின் எண்ணிக்கை முக்கியமாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு கிலோ மீட்டர் கட்டங்களை இந்த எல்லையின் மீது பரப்பினால், பல கட்டங்களின் ஒரு பாதி ஆந்திரத்திலும் மறு பாதி தமிழகத்திலும் விழும். ஆந்திரப் பக்கத்தில் பஞ்சாயத்து ராஜ் பொறியியல் துறையின் சாலையாக வருவது, எல்லையைக் கடந்ததும் ஊராட்சி ஒன்றியச் சாலையாகவோ ஊராட்சிச் சாலையாகவோ மாறிவிடும். சாலை ஒன்று, பதிவேடு இரண்டு. எது சாலை, எது வெறும் வண்டிப்பாதை என்பதற்கு இரு மாநிலங்களின் பதிவேடுகளும் ஒரே வரையறையைக் கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மாவட்டக் கணக்கிலும் சிக்கல் உண்டு. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது நகரி தொகுதி இரண்டாகப் பிளந்தது. நகரி, நிண்ட்ரா, விஜயபுரம் மண்டலங்கள் சித்தூரில் நின்றன. புத்தூரும் வடமாலப்பேட்டையும் திருப்பதிக்குச் சென்றன. ஊரக வளர்ச்சி அமைச்சகம் தன் தரவை வெளியிட்டதோ அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு. அமைச்சகத்தின் தரவில் இருப்பது பழைய சித்தூர். பின்னர் திருத்தப்பட்ட வரைபடத்தில் இருப்பது சுருங்கிய சித்தூர். இரண்டையும் பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடுபவருக்கு, மாவட்டத்தின் சாலைகளில் பெரும்பகுதி வரைபடத்தில் காணாமல் போய்விட்டதாகத் தோன்றும். உண்மையில் ஒரு தெருகூட விடுபட்டிருக்க வேண்டியதில்லை.

மேலிருந்து பார்ப்பதற்கும் எல்லை இருக்கிறது. சித்தூர் வட்டாரம் மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்றது. தோப்புக்கு அடியில் செல்லும் மண் பாதை செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஏரிக்கரையும் கால்வாய்க் கரையும் மேலிருந்து சாலை போலவே தெரியும். அவற்றில் சில உண்மையிலேயே சாலைகளாகவும் பயன்படுகின்றன.

இதைவிட முக்கியமானது தரைப்பாலம். ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் கொசஸ்தலை ஆற்றிலும், பிச்சாட்டூர் அணை திறக்கப்பட்டால் ஆரணியாற்றிலும் வெள்ளம் வந்து, தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து துண்டிக்கப்படுவது திருவள்ளூர் மாவட்ட மக்களுக்கு மழைக்காலந்தோறும் பழகிய செய்தி. வரைபடத்தில் சாலை ஆற்றைக் கடந்து ஒரே கோடாகச் செல்லும். நீளத்தை அளக்கும் கணக்கில் அது நூற்றுக்கு நூறு. அந்த இடத்தில் இருப்பது மேம்பாலமா, தண்ணீர் வந்தால் மூழ்கும் தரைப்பாலமா என்று குறிக்க ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வசதி உண்டு. அந்தக் குறிப்பு இருக்கிறதா என்பதை எந்தச் சதவீதமும் சொல்வதில்லை. வெள்ளத்தின்போது மீட்புக் குழுவுக்குத் தேவைப்படுவது அந்த ஒரு குறிப்புதான்.

ஊரும் வாடாவும்

வருவாய்க் கிராமம் என்பது ஒரே இடத்தில் இருக்கும் வீடுகள் அல்ல. ஊர் ஓரிடத்தில் இருக்கும். தலித் மக்களின் குடியிருப்பு சற்றுத் தள்ளி இருக்கும். ஆந்திரத்தில் அது "ஹரிஜனவாடா" என்றும் "அருந்ததிவாடா" என்றும் பதிவேட்டில் நிற்கிறது. யானாதி, இருளர் குடும்பங்களின் குடியிருப்புகள் பெரும்பாலும் இன்னும் தள்ளி, ஏரிக்கரையிலோ வயலோரத்திலோ அமைந்திருக்கும். ஊருக்கு வரும் தார்ச்சாலை பத்து கிலோ மீட்டர் என்றும், அங்கிருந்து குடியிருப்புக்குச் செல்லும் பாதை அரை கிலோ மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். தார்ச்சாலை மட்டும் வரையப்பட்டால் நிறைவு 95 சதவீதம். எந்த அறிக்கையிலும் பெருமையாகப் போட்டுக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. விடுபட்ட ஐந்து சதவீதத்தில், அந்தக் கிராம மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாழலாம்.

கிலோ மீட்டரை அளப்பதா, குடியிருப்புகளை எண்ணுவதா என்பதில் அடங்கியிருக்கும் வேறுபாடு இதுதான். குடியிருப்புகளை எண்ணும் முறை கடினமானதல்ல. அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பையும் எடுத்து, அதன் பெயர் வரைபடத்தில் உள்ளதா, அங்கிருந்து அருகிலுள்ள தார்ச்சாலை வரை இடைவெளி இல்லாத கோடு செல்கிறதா, உள்ளே ஒரு தெருவாவது வரையப்பட்டுள்ளதா என்று பார்த்தால் போதும். கணினியே செய்துவிடும். கணினியால் செய்ய முடியாதது, பட்டியலில் உள்ள பெயரும் மக்கள் வழங்கும் பெயரும் ஒன்றா என்று அறிவது. அதற்கு ஒருவர் அங்கே சென்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பெயர் விஷயத்தில் எல்லையோரம் இரட்டைச் சுமை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரே இடத்துக்குத் தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியே பெயர் பதிய முடியும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால், அந்த மொழியில் தேடுபவருக்கு ஊர் கிடைக்காது. தமிழகப் பக்கத்தில் பெயர்களே மாறி வருகின்றன. அரசு ஆவணங்களிலும் வழக்கிலும் இருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஒதுக்கி வைத்ததன் அடையாளமாக இருந்த சொல்லை நீக்குவது வரவேற்கத்தக்கதே. ஆனால், புதிய பெயர் வரைபடத்தில் ஏறாமல் பழைய பெயர் மட்டும் அழிக்கப்பட்டால், குடியிருப்பு பெயரற்ற கட்டடக் கூட்டமாக நின்றுவிடும்.

கேரள அரசு இதில் வேறு வழியைக் காட்டியது. 2018 வெள்ளத்துக்குப் பிந்தைய மறுசீரமைப்பின் ஒரு பகுதியாக "மேப்பத்தான் கேரளம்" என்ற பெயரில், மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்களை வரையப் பொதுமக்களை அழைத்தது. காவல் துறைக்குப் புகார் கொடுத்த காலத்திலிருந்து அது வெகுதூரம்.

தில்லியில் உள்ள மிகத் துல்லியமான அளவுகோல் இன்னமும் வெளியே வரவில்லை. ஸ்வாமித்வா திட்டத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லா விமானம் மூலம் படமெடுக்கப்பட்டுள்ளன. குடியிருப்புப் பகுதியின் சந்துபொந்துகள்வரை அவற்றில் தெரியும். ஆந்திர அரசும் 2020 டிசம்பரில் தனியே நில மறு அளவையைத் தொடங்கியது. இவை சொத்துரிமைக்காக எடுக்கப்பட்டவை என்பதால், வீட்டு எல்லைகளை வெளியிடுவதில் தயக்கம் இருப்பது நியாயம். தெரு யாருடைய தனிச்சொத்தும் அல்ல. வீடுகளை மறைத்துத் தெருக்களை மட்டும் வெளியிட்டால்கூட, விஜயபுரம் போன்ற மண்டலங்களில் தன்னார்வலர்கள் எதை விட்டிருக்கிறார்கள் என்று ஒரே நாளில் சொல்லிவிடலாம்.

இதற்கிடையே, பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. 2028-29-ஆம் நிதியாண்டு வரை 70,125 கோடி ரூபாய் செலவில், சாலை இணைப்பு இல்லாத 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோ மீட்டர் சாலை அமைப்பது இதன் இலக்கு. சமவெளியில் 500 பேருக்குக் குறையாமல் வாழும் குடியிருப்பே இதற்குத் தகுதி பெறும். அந்த 500 பேரை எண்ணுவதற்கு எடுத்துக்கொள்ளப்படுவது 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு.